வண்டிக்கு ஒதுங்கினவர்கள்

எங்கய்யா கேங்மேனாக இருந்தார். தண்டவாளத்தில் முப்பத்தோரு வருசம். அவர் போட்டோ என்று எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ரயில்வே அடையாள அட்டைக்கு எடுத்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. சுத்தியல் தெரியாது, ஸ்பேனர் தெரியாது, காய்த்துப்போன கை தெரியாது. யாரோ ஒரு ஆபீஸ் குமாஸ்தா என்று சொன்னாலும் நம்பிவிடலாம்.

எங்க தங்கச்சி மகன் கம்ப்யூட்டரில் நாலாயிரம் ரயில் போட்டோ வைத்திருக்கிறான். எஞ்சினியரிங் கடைசி வருசம் படிக்கிற பையன். எஞ்சின் சத்தத்தை வைத்தே அது என்ன ரகம், எந்த ஷெட்டுக்காரன் என்று சொல்லுவான். லீவு விட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, குன்னூர் என்று ரோடு ரோடாகப் போய், ரயில் வருகிற வளைவில் காத்துக் கிடந்து படம் எடுப்பான். இவனைப் போல ஒரு கூட்டமே இருக்கிறது.

2025 மே மாதம் என்னிடம் வந்தான். "பெரியம்மா, பாம்பன்ல புதுப் பாலம் தெறந்து ஒரு மாசம் ஆச்சு. மதுரையில இருந்து கார்லயே லைனை ஒட்டிப் போவோம். வழியெல்லாம் நின்னு நின்னு எடுத்துட்டுப் போகலாம். தாத்தா வேல பாத்த லைன்தான, நீங்களும் வாங்க" என்றான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா கிடந்தவள் நான். சரி என்று கிளம்பிவிட்டேன். அவன் சிநேகிதனிடம் இரவல் வாங்கிய பழைய மாருதி கார். பின் சீட்டில் பெரிய தண்ணீர் கேன், புளிச்சோறு, அவன் கேமரா மூட்டை.

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் 161 கிலோமீட்டர். ரோடும் லைனும் பங்காளி மாதிரி. கொஞ்ச தூரம் சேர்ந்து வரும், அப்புறம் கோவித்துக்கொண்டு பிரியும், மறுபடி ஒரு கேட்டில் வந்து முட்டிக்கொள்ளும். திருப்புவனம் தாண்டினோம். மானாமதுரையில் டீ குடித்தோம். அங்கே ஒரு வண்டி வருகிற நேரத்தை அவன் செல்போனில் பார்த்துச் சொன்னான். எங்கய்யா காலத்தில் காது ஒன்றுதான். குனிந்து தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் அரைக்கட்டை தூரத்துல வருதுடி" என்பார்.

"பெரியம்மா, பழைய வண்டி ஓடுறப்ப தடக் தடக்னு ஒரு சத்தம் வருமே. இப்ப ஏன் அப்பிடி வர்றதில்லன்னு தெரியுமா?" என்று என்னையே கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சத்தத்தில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அன்றைக்கு மீட்டர்கேஜ். தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, ரெண்டு பக்கமும் ஃபிஷ் பிளேட் வைத்து போல்ட்டு முடுக்கியிருப்பார்கள். கோடையில் இரும்பு நீளும். நீள்வதற்கு அந்த இடம். இடம் அடைத்துக்கொண்டால் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். வண்டி கவிழும். அதனால் வெயில் ஏற ஏற எங்கய்யாவுக்கு வேலையும் ஏறும். ஊர் உலகம் திண்ணையில் படுத்திருக்கிற உச்சி நேரத்தில், அவர் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு போவார். இப்போது தண்டவாளத்தை நீளநீளமாகப் பற்ற வைத்துவிட்டார்கள். அதனால் தடக் தடக் இல்லை. ஆனால் வெயிலில் நெளிகிற பயம் இப்போதும் இருக்கிறது. உச்சி வெயிலில் நடந்து பார்க்கிற மனுசனும் இருக்கிறான். கோடை என்றால் அவனுக்குப் போட்டோ லீவு. எங்கய்யாவுக்குக் கோடை என்றால் அந்த நடை.

எங்கய்யா ரயில்வேக்குள் போன கதையைச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்தவர் யாரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் சரிசெய்தார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த எஞ்சினியர் இ. ஸ்ரீதரன் பெயர் இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். திறமைசாலி, தெரியட்டும். ஆனால் கடலுக்குள் கிடந்த கர்டரைக் கயிறு கட்டி இழுத்த கை யாருடையது? அந்த வேலைக்கு எங்கள் சேரியிலிருந்து பதினொரு பேர் கூலிக்குப் போனார்கள். எங்கய்யாவும் ஒருத்தர். பின்னாளில் நான் புத்தகத்தில் படித்துவிட்டு, "அய்யா, 46 நாள்ல முடிச்சாகளாமே?" என்று கேட்டேன். "எனக்கென்னத்தா தெரியும். நான் கூலி நாளத்தான் எண்ணுனேன்" என்றார்.

அந்தக் கூலி வேலை அப்படியே லைன் வேலையாக நீண்டது. பல வருசம் கேஷுவல். பிறகு நிரந்தரம். மாசச் சம்பளம் என்ற ஒன்றை எங்கள் சேரியில் முதலில் வாங்கியது அவர்தான். ஊர்க்காரன் களத்தில் கைகட்டி நின்று நெல் வாங்க வேண்டிய கட்டாயம் எங்கள் வீட்டுக்கு இல்லாமல் போனது. பாஸ் கொடுத்தார்கள். அந்தப் பாஸில்தான் மதுரைக்குப் போய் நான் டீச்சர் டிரெயினிங் படித்தேன். இதை நான் மறைக்கவில்லை. ரயில் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், எவன் வயலிலாவது நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

ஆனால் லைன் வேறு, ஊர் வேறு. எங்கய்யா டயர் செருப்புப் போட்டிருப்பார். ஜல்லி குத்தும், இரும்பு சுடும், செருப்பு இல்லாமல் லைனில் நடக்க முடியாது. வேலை முடிந்து வரும்போது கேட்டுப் பக்கம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். அங்கேயிருந்து ஊர்த்தெரு ஆரம்பம். ஊர்த்தெருவைத் தாண்டித்தான் சேரி. சித்திரை மாசத்துப் புழுதி எப்படிக் கொதிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எதிரே சின்னப் பையன் வந்தாலும் இவர் ஓரமாக ஒதுங்க வேண்டும். "என்னடா, வண்டியெல்லாம் ஒழுங்காப் போகுதா?" என்று அந்தப் பொடியன் கேட்பான். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "போகுது சாமி" என்பார்.

பகலெல்லாம் வண்டிக்கு ஒதுங்குகிற மனுசன், சாயங்காலம் பொடியனுக்கு ஒதுங்கினார். ஒருநாள் ஆத்தா கேட்டாள், "கவருமெண்டு சம்பளம் வாங்குற ஆளு, செருப்பப் போட்டுத்தான் வந்தா என்ன?" எங்கய்யா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "வண்டிக்கு ஒதுங்குனா உசுரு மிஞ்சுது. இவனுகளுக்கு ஒதுங்குறதுல என்ன மிஞ்சுதுன்னு தெரியல. ஆனா ஒதுங்கலன்னா வீடு மிஞ்சாது."

வீடு மிஞ்சாது என்று சும்மா சொல்லவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் 1957-ல் எரிந்த சேரிகளைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது.

பரமக்குடியில் காரை நிறுத்தச் சொன்னேன். தியாகி இமானுவேல் சேகரன் நினைவிடத்துக்குப் போனோம். பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, ஒதுங்க மாட்டேன் என்று நிமிர்ந்து நின்றவர். 1957 செப்டம்பர் 11 அன்று வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு அஞ்சலி செலுத்த வந்த சனத்தின் மேல் 2011-ல் அதே செப்டம்பர் 11 அன்று இதே பரமக்குடியில் போலீஸ் சுட்டது. நம் ஆட்கள் செத்தார்கள். பையனுக்கு இதெல்லாம் மேலோட்டமாகத் தெரியும். கேமராவை வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றான். வெளியே வந்ததும், "பெரியம்மா, ஒரு வண்டிக்கு டைம் ஆச்சு, சீக்கிரம்" என்றான். அவன் வயசு அப்படி.

பரமக்குடி தாண்டி, ராமநாதபுரத்துக்கு முன்னால் ஒரு இடத்தில் லைன் வளைகிறது. பனைமரங்கள். ஒரு பக்கம் சீமைக்கருவேலங் காடு. பையனுக்கு இடம் பிடித்துப்போனது. ரோட்டோரம் காரை விட்டுவிட்டு, லைனுக்கு நல்ல தூரம் தள்ளி ஒரு மேட்டில் முக்காலியை ஊன்றினான். மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். லைனில் ஐந்து பேர் ஆரஞ்சு கலர் சட்டை மாட்டிக்கொண்டு ஜல்லி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் தள்ளி நின்று கொடி பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டிச் சத்தம் கேட்டது. கொடிக்காரர் விசில் ஊதினார். அவர்கள் கடப்பாரை, மண்வெட்டியை எல்லாம் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கி வரிசையாக நின்றார்கள். எங்கள் பையன் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டே சத்தம் போட்டான்:

"அண்ணே, கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா? படத்துல விழுறீங்க."

அவர்களில் வயசான ஒருத்தர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வண்டிக்குத்தான் ஒதுங்கிட்டமே தம்பி. இன்னும் எம்புட்டு தூரம் ஒதுங்கணும், சொல்லுங்க" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. நெசமாகவே கேட்டார். சொன்ன மாதிரியே ஐந்து பேரும் கருவேலஞ் செடிக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

வண்டி போனது. படம் அற்புதமாக விழுந்தது என்று பையன் குதித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினான்.

"டேய், எங்கய்யா அந்த இடத்துல நின்னுருந்தா அவரயும் ஒதுங்கச் சொல்லியிருப்ப இல்ல?" என்றேன்.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் பதிலுக்குப் பேசினான். அதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. "பெரியம்மா, நான் வேணும்னு சொல்லல. நீங்க ஏன் இதுலயும் அதக் கொண்டாறீங்க? எனக்கு ரயில் ஏன் புடிக்கும் தெரியுமா? ஹாஸ்டல்ல சேந்த முத நாளே எந்த ஊரு, எந்தத் தெருன்னு நோண்டுனானுக. ரயில் போட்டோ எடுக்கப் போற எடத்துல ஒருத்தனும் அதக் கேக்குறதில்ல. என்ன லென்ஸ், எந்த எஞ்சின், அம்புட்டுதான். அங்க ஒண்ணுலதான் நான் நானா இருக்கேன். ரயில்ல சாதி இல்ல பெரியம்மா."

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பிள்ளை ரயிலுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறான், நாம் அது தெரியாமல் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களுக்குக் கொடுத்தேன். எங்கய்யா இதே லைனில் கேங்மேன் என்று சொன்னதும் அந்தப் பெரியவருக்கு முகம் மலர்ந்தது. "எந்த கேங்கும்மா? மேட் யாரு?" என்று விசாரித்தார். எங்கய்யாவை அவருக்குத் தெரியாது. மேட்டைத் தெரிந்திருந்தது. கூட இருந்த ஒரு இளந்தாரி பி.எஸ்ஸி. படித்தவன். "பேரு இப்ப கேங்மேன் இல்லக்கா, டிராக் மெயின்டெய்னர். பேரு மட்டும் இங்கிலீசுல நீளமாயிருச்சு" என்று சிரித்தான். இந்த வெயிலில் தண்டவாளச் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும் என்றான். செல்பி எடுக்க லைனில் ஏறுகிற பயல்களைத் துரத்துவதே தனி வேலை என்றான். பையன் என் பின்னால் தலைகுனிந்து நின்றான்.

காருக்கு வந்து, பனைமர நிழலில் புளிச்சோற்றைப் பிரித்தோம். ரயிலில் சாதி இல்லை என்றானே, அதற்கு என்ன பதில் சொல்வது? திட்டினால் புரியாது. அம்பேத்கரின் கதையைச் சொன்னேன்.

1901 வாக்கில், பாபாசாகேப்புக்குப் பத்து வயசு இருக்கும். அதுவும் ஒரு கோடை லீவுப் பயணம்தான். அவருடைய அப்பா வேலை பார்த்த ஊருக்கு அண்ணனும் தம்பியும் அக்கா பிள்ளைகளுமாகக் கிளம்பினார்கள். அதுவரை ரயிலையே பார்த்திராத பிள்ளைகள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு சந்தோசமாக ஏறினார்கள். ரயிலுக்குள் ஒரு குறையும் இல்லை. மசூர் ஸ்டேசனில் இறங்கினார்கள். அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேராததால் கூட்டிப் போக யாரும் வரவில்லை. ஸ்டேசன் மாஸ்டர் அன்பாக விசாரித்தார். நாங்கள் மகர்கள் என்று பிள்ளை சொன்ன அந்த நிமிசம் அவர் முகம் மாறிப்போனது. மாட்டு வண்டிக்காரன் ஒருத்தனும் ஏற்ற மாட்டேன் என்றான். கடைசியில் ரெட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போக, வண்டிக்காரன் கூடவே நடந்து வருவதாக ஏற்பாடு ஆனது. ராத்திரியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

"ஓடுற ரயில்ல சாதி தெரியாமப் போகலாம்டா. எறங்குன எடத்துல நிக்கிதுல்ல" என்றேன்.

"அது ஸ்டேசனுக்கு வெளிய பெரியம்மா" என்றான். கெட்டிக்காரன்.

சரி, உள்ளேயே போவோம் என்று மன்மாட் கதையைச் சொன்னேன். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாடு. அம்பேத்கர் தலைமை. பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று தொழிலாளிக்கு ரெண்டு எதிரிகள் என அவர் சொன்னது இந்த மாநாட்டில்தான். நம் மேடைகளில் அந்த வாசகத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொரு விசயம் எனக்கு அதைவிட முக்கியம். ரயில்வேயில் தீண்டப்படாதவன் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே சாகிறான், போர்ட்டராகக்கூட ஆக முடிவதில்லை என்றார். ஏன்? போர்ட்டர், ஸ்டேசன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் புழங்க முடியாதவனை எப்படிப் போர்ட்டராக எடுப்பார்கள்? லைனில் ரத்தம் சிந்தலாம், வீட்டுக் குடத்தைத் தொடக் கூடாது.

இதைப் படித்தபோது எனக்கு முப்பது வயசு. படித்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது அதே கதை. 1970களில் எங்கய்யாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. நடக்க முடியவில்லை. ஒரு சின்ன ஸ்டேசனில் போர்ட்டர் வேலை காலியாக இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு ஒரு அதிகாரியிடம் போனார். அந்த ஆள் மனுவை வாங்கவில்லை. "அங்க தண்ணியெல்லாம் தூக்க வேண்டியிருக்குமேப்பா, ஒனக்கு எதுக்கு அந்தச் சங்கடம்" என்றாராம். கோபமாகச் சொல்லவில்லை, தடவிக் கொடுக்கிற மாதிரி சொன்னாராம். அந்த வேலைக்கு, எங்கய்யாவுக்கு அப்புறம் சேர்ந்த ஊர்க்கார ஆள் ஒருத்தர் போனார். எங்கய்யா வீங்கின முட்டியோடு இன்னும் இருபது வருசம் நடந்தார். 1938-ல் அம்பேத்கர் மன்மாடில் பேசியதை எங்கய்யா படித்ததில்லை. படிக்கவும் தெரியாது. அவர் உடம்பில் அது எழுதியிருந்தது.

இன்னொன்றும் பையனிடம் சொன்னேன். சாப்பிடும்போது சொல்லக் கூடாது, ஆனாலும் சொன்னேன். ரயில் கக்கூசில் ஒரு பலகை இருக்கும், ஸ்டேசனில் வண்டி நிற்கும்போது உபயோகிக்காதீர்கள் என்று. அப்படியென்றால் ஸ்டேசன் தாண்டினதும் உபயோகிக்கலாம். அது எங்கே விழும்? எங்கய்யா கை வைக்கிற இடத்தில். ஃபிஷ் பிளேட்டில், போல்ட்டில், கட்டையில். சில நேரம் ஒதுங்கி நிற்கிறவர் மேலேயே தெறிக்கும். வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் எங்களைத் தொட மாட்டார். தங்கச்சி ஓடிப்போய்க் காலைக் கட்டினால், "ஏய் தள்ளு தள்ளு" என்று பதறுவார். மலம் அள்ளத் தடை என்று 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் வந்த சட்டத்தில்தான் மலம் அள்ளுகிற இடங்களின் வரிசையில் தண்டவாளத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். பெட்டிகளில் பயோ டாய்லெட் பரவலாக வந்ததும் அதற்கு அப்புறம்தான். அதற்குள் எங்கய்யா செத்துப் பல வருசம் ஆகிவிட்டது.

பையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "தாத்தாகிட்ட நான் இதெல்லாம் கேட்டுருக்கணும்" என்றான். இவன் தவழ்கிற காலத்திலேயே அவர் போய்விட்டார். எப்படிக் கேட்டிருப்பான்?

சாயங்காலம் மண்டபம் வந்தோம். மண்டபம் கேம்ப் என்ற பெயரைப் பார்த்து, "இது என்ன கேம்ப் பெரியம்மா?" என்றான். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்களை இங்கேதான் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பினார்கள். அதில் நம் சனம் நிறைய. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கேயிருந்து கப்பலில் தலைமன்னார். போட் மெயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதில் போன துரைமார்களைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பாதையில் மூட்டை முடிச்சோடு போன கூலிச் சனத்தைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. எங்கள் ஆத்தாவின் சின்னாத்தா அந்த வழியாகப் போனவள்தான். திரும்பி வரவில்லை. கண்டிப் பக்கம் எங்கோ ஒரு தோட்டத்தில் மண்ணாகிவிட்டாள். பின்னாளில் யுத்தத்துக்குத் தப்பி வந்த அகதிகளையும் இதே மண்டபத்தில்தான் வைத்தார்கள்.

பாம்பனில் 1988-ல் திறந்த ரோட்டுப் பாலத்தில் ஏறி நின்றால் ரயில் பாலம் கீழே தெரியும். அன்றைக்கு ரெண்டு பாலம் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று 1914-ல் வந்த கிழடு. 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். கப்பல் வந்தால் ஆட்கள் கையால் சுற்றித்தான் அதன் நடுப்பகுதியைத் தூக்குவார்கள். இன்னொன்று 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுசு. ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம். அதன் நடுப்பகுதி மோட்டாரில் லிஃப்ட் மாதிரி நெட்டுக்குத்தாக மேலே போகும். பாலத்து மேல் திருவிழாக் கூட்டம். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தாதே என்று கத்திக்கொண்டேயிருந்தார், யாரும் கேட்கவில்லை. ரயில் வந்தது. கடலுக்கு மேல் மெள்ள ஊர்ந்து போனது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் சின்னப் பிள்ளை மாதிரி கை ஆட்டினேன். அத்தனையும் சொல்லிவிட்டு, ரயிலைக் கண்டதும் எனக்கும் சந்தோசம் பொத்துக்கொண்டு வருகிறது. எங்கய்யாவுக்கும் அப்படித்தான். முப்பத்தோரு வருசம் பார்த்தும், வண்டி போகும்போது நிமிர்ந்து நின்று கடைசிப் பெட்டி மறைகிற வரை பார்ப்பாராம். ஒதுங்கி நின்று பார்ப்பார், ஆனால் நிமிர்ந்து பார்ப்பார். நாம் முடுக்கிய போல்ட்டு மேல் ஆயிரம் சனம் போகுது என்று அவருக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். அந்த மதிப்பை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

பையன் நிறைய எடுத்தான். ராத்திரி ராமேஸ்வரத்தில் தங்கினோம். விடிந்து தனுஷ்கோடி போய், மணலில் மிஞ்சி நிற்கிற ஸ்டேசன் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்புகிற வழியில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே அந்த வளைவுக்குப் பக்கத்தில் காரை ஓரம் கட்டினான். ஆட்கள் இல்லை. கேட்டில் விசாரித்தான். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வேலை நடக்கிறது என்றார்கள். தேடிப் போனான். அந்தப் பெரியவரிடம், "அண்ணே, நேத்து தப்பாப் பேசிட்டேன். ஒங்கள ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேட்டான். பெரியவர் வெட்கப்பட்டார். முகம் கழுவி, சட்டைப் பையில் இருந்த சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். ஆறு பேரும் கேட்டடி மரத்து நிழலில் நின்றார்கள். யார் சொல்லியும் அல்ல, சுத்தியலையும் கடப்பாரையையும் தாங்களாகவே முன்னால் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் வண்டி ஒன்று வந்தது. பையன் வண்டியைப் பார்க்கவில்லை. வண்டி மங்கலாக விழுந்திருக்கிறது, அந்த ஆறு முகமும் துல்லியமாக விழுந்திருக்கிறது. பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டான். அவர்கள் வேலைக்கு எந்த வில்லங்கமும் வரக் கூடாது என்பதால் நான் இங்கே எழுதவில்லை.

ஊருக்குப் போய் ஆத்தாவிடம் அந்தப் படத்தைக் காட்டினோம். எண்பதைத் தாண்டியவள், பார்வை மங்கல். அய்யாவுக்கு மத்தியானக் கஞ்சியை லைனிலேயே கொண்டுபோய்க் கொடுத்தவள். பெரியவரின் முகத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இந்த ஆளுக்குக் கஞ்சி யாரு கொண்டு போறா?" என்று கேட்டாள். பையனுக்குப் பதில் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன் ஆச்சி" என்றான்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா, தாத்தா, அம்மாச்சி எவராவது லைனில், கல் குவாரியில், தேயிலைத் தோட்டத்தில், நகராட்சியில் வேலை பார்த்திருப்பார்கள். அவர்கள் வேலை செய்கிற மாதிரி ஒரு படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பத்திரமாக வையுங்கள். இல்லாவிட்டால் பழைய பாஸ், சம்பளச் சீட்டு, மனுவின் நகல், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். எங்கய்யா அன்றைக்குக் கொண்டுபோன மனு இன்னும் என்னிடம் இருக்கிறது. வாங்க மறுத்த மனு அல்லவா, அதனால் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. கீழே அவருடைய கைநாட்டு இருக்கிறது. அடையாள அட்டைப் படத்தில் இல்லாத அவர் கை, அந்த ஒரு பெருவிரல் அளவுக்காவது அதில் இருக்கிறது.